பாஸ்போர்ட் போட்டோ: குழந்தைக்கு, மாமியாருக்கு, கத்தாரில் இருக்கும் கணவருக்கு

கேள்வி: தஞ்சாவூரில் இருக்கிறேன். எட்டு மாதக் குழந்தைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். மாமியாரின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும்; அது கைக்கு வந்ததும் நாத்தனார் வீட்டுக்குப் போக அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்பார். கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். அங்கே பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்தபோது ‘போட்டோ சரியில்லை’ என்று திருப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் லீவில் வந்தபோது ஊரில் நல்ல ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று கேட்டு எடுத்தால் எல்லாருக்கும் போதாதா?

பதில்:

போதாது. ஸ்டுடியோவில் நாங்கள் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று சொல்வது வெறும் அளவைத்தான். பள்ளி அட்மிஷன், பேங்க் கணக்கு, ஹால் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதே அளவில்தான் போட்டுக் கொடுக்கிறோம். பாஸ்போர்ட் வாங்குகிற இடத்தில் அளவை மட்டும் பார்ப்பதில்லை. அந்தப் படத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா என்று பார்க்கிறார்கள். உங்கள் வீட்டு மூன்று பேருக்கும் நிலைமை வேறு வேறு என்பதால் ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

முதலில் மாமியார், ஏனென்றால் அவர் விஷயம் சுலபம். இந்தியாவில் விண்ணப்பிக்கும் பெரியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் முதல் கவுன்ட்டரான ‘ஏ’யில் அங்கேயே படம் எடுத்து, கைரேகையும் பதிந்துகொள்வார்கள். தபால் நிலையத்தோடு சேர்ந்த சேவா மையங்களிலும் இதே முறைதான். இது தெரியாமல் முந்தின நாள் ஸ்டுடியோவுக்கு வந்து எட்டு காப்பி போட்டுக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ‘பாஸ்போர்ட்டுக்கு’ என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ‘யாருக்கு, எங்கே கொடுக்கப் போறீங்க’ என்பதுதான்.

படம் அங்கே எடுப்பார்கள் என்பதற்காக அப்படியே போய் உட்கார்ந்துவிட வேண்டாம். பின்னணி வெள்ளை. அதனால் வெள்ளை, சந்தனக் கலர் மாதிரி வெளிர் நிறச் சேலை வேண்டாம். தோளும் பின்னணியும் ஒன்றாகக் கலந்துவிடும். அடர்ந்த நீலமோ, பச்சையோ, அரக்கோ கட்டிக்கொள்ளட்டும். கண்ணாடியைக் கழற்றச் சொல்வார்கள். எப்போதும் கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கழற்றியதும் கண் கூசிச் சுருங்கும். கூப்பிடுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே கழற்றிவைத்தால் கண் பழகிவிடும். பல்செட் இருந்தால் போட்டுக்கொண்டே உட்காரட்டும், அதில்லாமல் தாடையின் அமைப்பே மாறித் தெரியும். மூக்குத்தி, தோடு, தாலி எதையும் கழற்ற வேண்டியதில்லை. பொட்டையும் அழிக்க வேண்டாம். முகத்தை மறைப்பதைத்தான் தடுக்கிறார்கள், சின்னப் பொட்டு எதை மறைக்கப் போகிறது? கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு மட்டும் லைட் பட்டால் வெள்ளையாகப் பளிச்சிடும், அதனால் சாதாரணக் குங்குமமோ சாந்தோ நல்லது. நெற்றி நிறையப் பட்டையாக விபூதி பூசுகிற வழக்கமிருந்தால் அன்றைக்கு ஒரு கீற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எடுத்ததும் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கண் மூடியிருந்தாலோ தலை சாய்ந்திருந்தாலோ எழுந்திருக்கும் முன்பே ‘இன்னொரு தடவை எடுங்க சார்’ என்று சொல்லிவிட வேண்டும். அடுத்த கவுன்ட்டருக்கு ஃபைல் போய்விட்டால் திரும்பி வந்து கேட்பது சிரமம். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருடம் செல்லும். அத்தனை வருடமும் அந்தப் படத்தோடுதான் ஒவ்வொரு இமிக்ரேஷன் கவுன்ட்டரிலும் நிற்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்து குழந்தை. நான்கு வயதுக்குக் கீழ் இருந்தால் படத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம், வெள்ளைப் பின்னணி. சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் முகம் வாரத்துக்கு வாரம் மாறும், பேர் வைத்த அன்று எடுத்த படத்தை வெட்டி ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

இந்த வயதில் ஸ்டுடியோவை விட வீடே வசதி. பளிச்சென்ற ஃபிளாஷும் புது முகங்களும் சேர்ந்தால் குழந்தை அழும். அழுது சிவந்த முகம் அடங்க அரை மணி நேரமாவது ஆகும். பால் குடித்து, தூங்கி எழுந்து, விளையாட்டாக இருக்கும் காலை நேரமாகப் பாருங்கள். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் விழாத இடத்தில், தரையில் ஒரு மெல்லிய மெத்தை போட்டு அதன்மேல் பூ, கோடு எதுவும் இல்லாத வெள்ளை பெட்ஷீட்டை இஸ்திரி போட்டு இழுத்து விரியுங்கள். மடிப்பு இருந்தால் அது கோடாக விழும், அதைப் பின்னணி அழுக்கு என்று சொல்லித் திருப்ப வாய்ப்பு உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து நேர் மேலிருந்து எடுங்கள். நீங்களே குனிந்தால் உங்கள் நிழல் முகத்தில் விழும்; ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாக நின்று எடுத்தால் விழாது. ஜன்னல் இல்லாத பக்கத்துக் கன்னம் இருட்டாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் யாராவது ஒரு வெள்ளைத் துண்டையோ சார்ட் பேப்பரையோ பிடித்துக்கொண்டால் போதும், வெளிச்சம் திரும்பி விழுந்து இரண்டு கன்னமும் சமமாகிவிடும்.

நம் வீடுகளில் எல்லாரும் மறந்துவிடும் ஒரு விஷயம் திருஷ்டிப் பொட்டு. கன்னத்தில் மையால் வைத்த வட்டம் படத்தில் பெரிய மச்சமாகத்தான் தெரியும். தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் சுலபமாகப் போகும், அதன் பிறகு எண்ணெய் மினுமினுப்புப் போக ஈரத்துணியால் ஒரு தடவை ஒற்றி எடுங்கள். மையால் வரைந்த புருவத்தையும் அழித்துவிடுங்கள், அது குழந்தையின் சொந்தப் புருவம் இல்லையே. படம் எடுத்து முடித்ததும் பாட்டி மறுபடி வைத்துக்கொள்ளட்டும். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டிருந்தால் கவலையே வேண்டாம், இன்றைக்கு இருக்கும் முகத்தைத்தான் கேட்கிறார்கள்.

கண் திறந்து கேமராவைப் பார்க்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒருவர் மெதுவாக நாக்கைச் சொடுக்கினாலோ சாவிக்கொத்தை ஆட்டினாலோ பார்க்கும். கிலுகிலுப்பை மாதிரி பழகின பொம்மையைக் காட்டினால் வாயைத் திறந்து சிரிக்கும், கையையும் நீட்டும். புதுச் சத்தம் என்றால் ஒரு விநாடி அசையாமல் உற்றுப் பார்க்கும், அந்த ஒரு விநாடிதான் உங்களுக்கு வேண்டியது. போனில் தொடர்ச்சியாக எடுக்கும் பர்ஸ்ட் வசதியைப் போட்டு நிறைய எடுத்துவிட்டு அப்புறம் பொறுக்குங்கள். தாங்கிப் பிடித்த கை, பால் பாட்டில், நிப்பிள் எதுவும் தெரியக் கூடாது. பொறுக்கிய படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து அளவுக்கு வெட்டி பிரின்ட் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது. 4×6 அங்குலத் தாளில் இந்த அளவில் எட்டுப் படம் வரும்.

இப்போது உங்கள் கணவர். நல்ல ஸ்டுடியோவில் எடுத்த படத்தை ஏன் திருப்பினார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது. 2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்களில் ஐ.சி.ஏ.ஓ. தரத்துக்கு ஒத்துவரும் படங்களைத்தான் ஏற்கிறார்கள். ஐ.சி.ஏ.ஓ. என்பது மான்ட்ரியாலில் இயங்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. உலகம் முழுக்க பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று 9303 எண்ணுள்ள ஆவணத்தில் அவர்கள்தான் வகுத்திருக்கிறார்கள். கோப்பு 630×810 பிக்சல். முகம் படத்தில் 80 முதல் 85 சதவீதம். பின்னணி வெள்ளை. கேமரா ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தலை நேராக, கண் திறந்து, வாய் மூடி, கண்ணாடி இல்லாமல், முகத்திலும் பின்னணியிலும் நிழல் இல்லாமல். நிறம் இயல்பாக இருக்க வேண்டும், கணினியில் எதையும் மாற்றியிருக்கக் கூடாது.

630×810 என்பது புது அளவு என்று பயப்பட வேண்டாம். 35×45 மில்லிமீட்டரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 18 பிக்சல் என்று போட்டால் வருகிற கணக்குதான் அது. மாறியது முகத்தின் அளவுதான். நம் ஊர்ப் படங்களில் சட்டையின் இரண்டாவது பட்டன் வரை தெரியும், முகம் பாதி உயரம்தான் இருக்கும். இதில் உயரம் 810 என்றால் தாடையிலிருந்து தலை உச்சி வரை ஏறக்குறைய 650 முதல் 690 பிக்சல் வர வேண்டும். கழுத்தும் தோளின் மேல்பகுதியும் தெரிந்தால் போதும், மார்பு வரை வேண்டாம். பழைய படத்தையே இதற்காக வெட்டிப் பெரிதாக்கினால் முகம் மங்கிப்போகும், புதிதாக எடுப்பதே சரி.

அளவு தவறினால் ஸ்டுடியோக்காரர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். எனக்கு உண்மையில் கவலை தருவது டச்சப். தமிழ்நாட்டில் எந்த ஊர் ஸ்டுடியோவானாலும் கேட்காமலேயே செய்துகொடுப்பது இது. கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுப்பது, பருவையும் அதோடு மச்சத்தையும் அழிப்பது, சிலசமயம் வேறு ஒருவரின் கோட்டையும் டையையும் கழுத்துக்குக் கீழே ஒட்டுவது, கடைசியாக முகத்தை இரண்டு படி வெளுப்பாக்குவது. ‘சார், பளிச்சுனு வந்திருக்கு பாருங்க’ என்று கையில் தருவார்கள். அந்தப் படத்தில் முகத்தையும் காதையும் கழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம், காலரை ஒட்டிய கழுத்து இன்னொரு நிறம். வாங்குகிற இடத்தில் இருப்பவர் அதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

இதில் பாதி ஆசையால் வருவது, பாதி லைட்டிங் தெரியாமல் வருவது. வெள்ளை ஸ்கிரீன் முன்னால் கருத்த, மாநிறத்து ஆளை உட்காரவைத்து கேமராவை ஆட்டோ மோடில் விட்டு எடுத்தால், கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுசெய்து படத்தையே இருட்டாக்கிவிடும். முகம் கறுத்து, மூக்கும் தாடையும் சரியாகத் தெரியாமல் வரும். அப்புறம் அதைக் கணினியில் இழுத்து இழுத்து வெளுப்பாக்குவார்கள். தோலின் இயல்பே போய் மாவு பூசியது போல ஆகிவிடும். சரியான வழி எடுக்கும்போதே முகத்துக்கு அளவு பார்ப்பது. ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கைப் போட்டு முகத்தில் அளக்கலாம், இல்லை எக்ஸ்போஷரை (கேமரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டலாம். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஒரே அளவு லைட், ஆளுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே மூன்று நான்கு அடி இடைவெளி, ஸ்கிரீனுக்குத் தனியாக ஒரு லைட். இவ்வளவு செய்தால் கறுப்பு நிறம் அதன் அழகோடு, கண்ணும் மூக்கும் தெளிவாக விழும். டச்சப்புக்கு வேலையே இருக்காது. யாருடைய நிறத்தையும் கேட்காமல் மாற்ற ஒரு ஸ்டுடியோவுக்கு உரிமை கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். பாஸ்போர்ட்டில் அது காரியத்தையும் கெடுக்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்தப் படத்தைப் பார்ப்பது மனிதர்கள் மட்டும் இல்லை. இப்போது நம் நாட்டிலும் சிப் வைத்த இ-பாஸ்போர்ட் வருகிறது. சென்னை மண்டல அலுவலகம் 2025 மார்ச் 3-ஆம் தேதி கொடுக்கத் தொடங்கியது. முன்னட்டையில் தங்க நிறத்தில் ஒரு சின்னக் குறி இருந்தால் அது இ-பாஸ்போர்ட். அந்தச் சிப்பிலும் உங்கள் முகப்படம் இருக்கிறது. தானியங்கி கேட் வைத்திருக்கும் விமான நிலையங்களில் எதிரே நிற்கும் முகத்தையும் சிப்பில் இருக்கும் படத்தையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். கண்ணுக்கு இடையே உள்ள தூரம், மூக்கின் அமைப்பு, தாடையின் கோடு இதையெல்லாம்தான் அது பார்க்கிறது. பல் தெரியச் சிரித்தால் கன்னம் மேலே ஏறிக் கண் சுருங்குகிறது. சிரிக்கக் கூடாது என்பது அதனால்தான். இன்னொரு பக்கம் மோசடி. இரண்டு பேர் முகத்தைக் கணினியில் ஒன்றாகக் கலந்து ஒரே படமாக்கினால் ஒரு பாஸ்போர்ட்டை இருவரும் பயன்படுத்தப் பார்க்கலாம். இதைத் தடுக்கத்தான் ஜெர்மனி 2025 மே 1 முதல் பாஸ்போர்ட்டுக்குத் தாளில் அச்சிட்ட படத்தை வாங்குவதையே நிறுத்திவிட்டு, பாதுகாப்பான வழியில் வரும் டிஜிட்டல் படத்தை மட்டும் ஏற்கிறது. கணினியில் கை வைத்த படம் என்றாலே எல்லா நாட்டிலும் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் கணவரிடம் சொல்லுங்கள், அங்கேயே ஒரு ஸ்டுடியோவில் ‘இந்தியன் பாஸ்போர்ட், ஐ.சி.ஏ.ஓ. படம், டச்சப் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லி எடுக்கட்டும். மச்சமும் தழும்பும் இருந்தபடியே இருக்கட்டும். முகத்தில் எண்ணெய் வழிந்தால் கர்ச்சீப்பால் ஒற்றிக்கொண்டால் போதும், பவுடர் அப்பிக்கொள்ள வேண்டாம். லைட்டில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். தாடி வழக்கமாக வைத்திருப்பவர் என்றால் தாடியோடே எடுக்கலாம். வெள்ளைச் சட்டை வேண்டாம். ஒட்டுகிற அச்சுப் படத்தின் அளவு எல்லா நாட்டிலும் ஒன்று இல்லை, அதனால் அங்குள்ள தூதரகத்தின் செக்லிஸ்ட்டைப் பார்த்து எத்தனை காப்பி, என்ன அளவு என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

ரூமிலேயே போனில் எடுக்க நினைத்தால், செல்ஃபி மட்டும் கூடாது. கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் தெரியும். ஒன்றரை மீட்டர் என்று சொல்லியிருப்பது இதற்காகத்தான். முன் கேமரா சில போன்களில் இடம் வலமாக மாற்றிச் சேமிக்கும், இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விடும். ரூம்மேட்டை விட்டுப் பின் கேமராவில், கண் உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பியூட்டி ஃபில்டர், போர்ட்ரெய்ட் மோட் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்; போர்ட்ரெய்ட்டில் காதோரமும் முடியோரமும் மங்கிவிடும். பின்னணியை வெள்ளையாக்கித் தருகிற ஆப்களும் வேண்டாம். சுருட்டை முடியின் ஓரத்தைக் கத்தரித்துவிடுவதால் ஒட்டுப்படம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். வெள்ளைச் சுவர் இருந்தால் அதிலிருந்து மூன்றடி முன்னால் நிற்பதே போதுமானது.

மாமியாரின் அமெரிக்க விசாவுக்கு இந்தப் படங்கள் எதுவும் உதவாது. டி.எஸ்.-160 என்கிற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவத்தில் ஏற்றுவது சதுரப் படம். 600×600 முதல் 1200×1200 பிக்சல் வரை, ஜேபெக் கோப்பு, 240 கேபிக்கு மேல் போகக் கூடாது. தலை படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம் இருந்தால் சரி, அதாவது இந்தியப் படத்தை விட முகம் சின்னது. அச்சுப் படம் என்றால் 2×2 அங்குலம். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், வெள்ளையோ அதை ஒட்டிய நிறமோ பின்னணி, கண்ணாடி 2016 நவம்பர் 1-இலிருந்தே கூடாது. இதைத் தவிர விசாவுக்காகக் கைரேகை கொடுக்கப் போகும்போதும் அங்கே ஒரு படம் எடுப்பார்கள். பாஸ்போர்ட் வந்த பிறகு விசாப் படத்தை எடுத்தால் ஆறு மாதக் கணக்குக்கும் வசதி. பின்னால் வேறு நாட்டுக்கு வேண்டியிருந்தால் அப்போது தனியாகக் கேளுங்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 35×45 மில்லிமீட்டர்தான், ஆனால் முகம் 70 முதல் 80 சதவீதம். கனடா பாஸ்போர்ட்டுக்கு 50×70 மில்லிமீட்டர், படத்தின் பின்னால் ஸ்டுடியோ பெயர், முகவரி, எடுத்த தேதி எல்லாம் கேட்பார்கள்.

கடைசியாகக் கோப்பு. ஸ்டுடியோவில் பிரின்ட்டோடு சாஃப்ட் காப்பியையும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பிக்சல் கணக்கே மாறிப்போகும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரின்ட் போட்ட படத்தை மறுபடி போனில் பிடித்தோ ஸ்கேன் செய்தோ ஏற்றாதீர்கள், தாளின் புள்ளியும் பளபளப்பும் தெரியும். படிவத்தில் ஒட்டும்போது பசைதான், ஸ்டேப்ளர் பின் முகத்தில் குத்தினால் அந்தப் படம் வீண். குழந்தையின் படத்தில் சுற்றி வெள்ளைக் கோடு, கறுப்பு பார்டர் போட வேண்டாம் என்று ஸ்டுடியோவில் சொல்லிவிடுங்கள். 3.5க்கு 4.5 முழுவதும் படமாகவே இருக்கட்டும், இரண்டு காப்பி கூடுதலாக ஃபைலில் வைத்துக்கொண்டு போங்கள்.